வெள்ளிமலைத் தேன்: பாட்டிலைத் தராசில் வையுங்கள்

கேள்வி: கடலூரிலிருந்து ஒரே நாளில் கல்வராயன் மலைச் சந்தைக்குப் போய் வரப்போகிறோம். தேனும் சாமையும் வாங்க ஆசை. அடிவாரத்தில் ஒருவர், கூடவே வந்து அசல் தேன் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் வேண்டாம். உங்களிடம் ஒரு கூலி, விற்பவரிடம் ஒரு கமிஷன், இரண்டும் உங்கள் தேன் விலையில்தான் ஏறும். பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. சந்தைக் கிழமையை முன்னாலேயே விசாரித்துக்கொண்டு, காலை 5 மணிக்குக் கிளம்புங்கள்.

அசல் என்று காட்டத் தேனைத் தண்ணீரில் விடுவது, தாளில் சொட்டுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, இதெல்லாம் ஏமாற்று. கெட்டியான சர்க்கரைப்பாகும் தண்ணீரில் அப்படியே அடியில் போய் உட்காரும். வீட்டிலிருந்தே 750 மில்லி கண்ணாடி பாட்டிலைக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, வெறும் பாட்டிலின் எடையை அதன் மேலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு சின்ன கைத்தராசும் வேண்டும். நல்ல தேன் லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ இருக்கும். பாட்டில் நிறைந்தால் தேன் மட்டும் 1,050 கிராம் அளவுக்கு நிற்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறது.

சர்க்கரைப்பாகு கலந்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒரே வழி, தேனடையைக் கண்முன்னே பிழியச் சொல்லி வாங்குவது. சித்திரையிலிருந்து ஆனி வரைதான் அதற்குத் தோது. மார்கழியில் சாலையோரம் வரிசையாக நிற்கும் பாட்டில்களை, 'இப்போதான் எடுத்தது' என்று சொன்னால் தொடவே தொடாதீர்கள்.

லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் (FSSAI) 14 இலக்க எண் இருக்கிறதே என்பார்கள். அது விற்பவர் பதிவு செய்திருக்கிறார் என்பதற்கு அடையாளம், உள்ளே இருப்பதைச் சோதித்த சான்று அல்ல. பாகு விற்பவர் அதை வாங்கி ஒட்டிவிடுகிறார். காட்டில் அடை எடுக்கும், 'மலையாளி' எனப்படும் இந்த மலையின் பழங்குடிக்காரருக்கு அந்தப் பதிவுப் படிவத்தை நிரப்பித் தர ஆளில்லை. 2006 வன உரிமைச் சட்டம் தேன் சேகரிப்பதும் விற்பதும் அவர்கள் உரிமை என்கிறது. உரிமையோடு ஒரு தராசையும் சுத்தமான டின்னையும் கொடுத்திருந்தால் நடுவில் தரகர் எப்படி நுழைவார்?

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கினால் அது கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். காட்டுத்தேனில் ஈரம் கூடுதல். 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கும், லேசான புளிப்பு வாடையும் வரும். அசல் தேனுக்கும் இது நேரும். ஆனால் நாள்பட வைக்க முடியாது, அரை பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் சர்க்கரை போல உறைவதும் இயல்புதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்கில் தடவக் கூடாது.

சாமை வாங்கும்போது குத்தியதா, உமியோடு இருப்பதா என்று கேளுங்கள். உமியோடு 10 கிலோ வாங்கினால் அரிசி 6 கிலோ சுமாருக்குத்தான் தேறும், ஊர் நெல் மில்லில் அரைத்தும் தர மாட்டார்கள். தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். கடுக்காய் வாங்கினால், அதற்கு அகநஞ்சு, அதாவது உள்ளே இருக்கும் கொட்டைதான் நஞ்சு என்பார்கள், கொட்டையை நீக்கியே பயன்படுத்துங்கள். பலாவுக்கு மலையில் பணம் போடாதீர்கள், திரும்பும் வழியில் பண்ருட்டி இருக்கிறது.

மாலை 4 மணிக்கே இறங்கிவிடுங்கள். தேன் பாட்டிலைப் படுக்க வைக்காமல், மூடியை அரைத் திருகு தளர்த்தி, காலடியில் நிறுத்திக் கொண்டுவாருங்கள்.