குயவர் வீட்டுக்குப் போகும்போது அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: ஏப்ரலில் அப்பா, அம்மாவோடு கியோட்டோ போகிறோம். அங்கே கவாய் கன்ஜிரோ என்ற குயவர் வாழ்ந்த வீட்டையும் பட்டறையையும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாம். எனக்கு மண்பாண்ட வகுப்பு எடுப்பவர், கட்டாயம் போ என்கிறார். ஒரு முற்பகல்தான் ஒதுக்க முடியும். அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பானை சட்டியில் ஆர்வமும் கிடையாது. அழைத்துப் போகலாமா? – கோவை வாசகி

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். பானையில் ஆர்வம் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஆர்வம் உள்ளவர்கள்தான் நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் ஓடிப்போய், வீட்டைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். காலை 10 மணிக்குத் திறப்பார்கள், மாலை 5 மணிக்கு மூடுவார்கள். நீங்கள் 10 மணிக்கே வாசலில் நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மரத்தரை ஜில்லென்று இருக்கும். அதனால் மூவரும் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குக் கையில் யென் நோட்டு வைத்திருங்கள்.

இப்போது அப்பாவின் முழங்கால். மாடிக்குப் போகும் மரப்படி செங்குத்தானது. அவர் ஏற வேண்டாம், கீழ்த்தளமே போதும். அங்கே தரையின் நடுவில் சதுரமாக ஓர் அடுப்புக்குழி, அதைச் சுற்றி இருக்கைகள். பழைய மர உரலைக் குடைந்து செய்த நாற்காலிகளும் இருக்கின்றன, அம்மா பார்த்ததும் சிரிப்பார். மற்ற அருங்காட்சியகங்களில் நாற்காலியைக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். இங்கே உட்காரலாம். ஏதாவது ஒன்றை மட்டும் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்பாவை அங்கே ஒரு கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, நீங்களும் அம்மாவும் மாடியைச் சுற்றி வாருங்கள். அந்த வீட்டைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. கருத்த உத்தரம், காகிதக் கதவு வழியாக வரும் வெளிச்சம், மேல்தளம் வரை திறந்து கிடக்கும் கூடம் எல்லாம் அங்கிருந்தே தெரியும்.

வீட்டின் கதையையும் அவருக்குச் சொல்லுங்கள். கன்ஜிரோ 1890-இல் ஷிமானே பகுதியில் உள்ள யாசுகி என்ற ஊரில் பிறந்தவர். 1920-இல் கியோட்டோவின் குயவர் பேட்டையான கோஜோசாக்காவில் ஒரு சூளையை வாங்கிக் குடியேறினார். 1934-இல் அடித்த பெரும் சூறாவளியில் பழைய வீடு சேதமானது. புது வீட்டை அவரே திட்டமிட்டார். தச்சரான அண்ணன், ஊர்த் தச்சர்களைக் கூட்டி வந்து 1937-இல் கட்டி முடித்தார். ஊர் நண்பர்கள் புதுமனைக்குக் கல்விளக்கு ஒன்று தர முன்வந்தார்கள். விளக்கு வேண்டாம், உருண்டையான ஒரு கல் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கல் இன்றும் தோட்டத்தில் கிடக்கிறது, தேடிப் பாருங்கள்.

அப்புறம் பின்பக்கம் போங்கள். தோட்டத்தைத் தாண்டினால் பட்டறை. காலால் உதைத்துச் சுற்றும் சக்கரங்கள் அங்கே இருக்கின்றன. அதற்கும் பின்னால்தான் நீங்கள் வந்த காரியம்: ஏறுசூளை. சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகள். அடியில் தீ மூட்டினால் சூடு மேலே ஏறிக்கொண்டே போகும். கீழ் அறை வேகும்போது வெளியேறும் சூடு மேல் அறையைக் காய வைத்துவிடும். பிறகு ஒவ்வொரு அறைக்கும் பக்கவாட்டுத் துளை வழியாக விறகு போட்டு, பதம் வரும் வரை எரிப்பார்கள். ஒரே சூளைக்குள் அறைக்கு அறை தீயின் குணம் மாறும். செம்பு கலந்த பூச்சு ரத்தச் சிவப்பாக வர வேண்டும் என்றால், சரியான நேரத்தில் காற்றைக் குறைத்துத் தீயை மூச்சுத் திணற வைக்க வேண்டும். தவறினால் அதே பூச்சு பச்சையாகிவிடும். கன்ஜிரோவுக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் அந்தச் சிவப்பும் ஒன்று. மின்சூளையில் மட்டும் பழகியவராக இருந்தால், நீங்கள் அரை மணி நேரமாவது இங்கே நிற்பீர்கள். இந்தச் சூளையில் அவர் மட்டும் சுடவில்லை. அக்கம்பக்கத்தில் சுமார் இருபது வீட்டார் பங்கு போட்டுச் சுட்டார்கள். நகருக்குள் புகை கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபின் 1971-இல் தீ நின்றது. கன்ஜிரோ அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1966-இல் இறந்துவிட்டார். 1973-இல் குடும்பத்தார் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

சூளையைப் பார்த்தபின் மறுபடி வீட்டுக்குள் வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிண்ணங்களை இப்போது பாருங்கள். முதலில் பார்த்திருந்தால் வெறும் கிண்ணமாகத்தான் தெரிந்திருக்கும். பானைகளில் கையெழுத்தைத் தேடாதீர்கள். இளமையில் சீனப் பாணியில் செய்து பெரிய பாராட்டு வாங்கியவர் இவர். பிறகு அது தன் வழியல்ல என்று விட்டுவிட்டு, அன்றாடம் புழங்கும் பாண்டங்கள் பக்கம் திரும்பினார். பெயர் பொறிப்பதையும் நிறுத்திவிட்டார். ஜப்பான் அரசு ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற பட்டத்தைத் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். மரத்தில் செதுக்கிய கைகளும் முகமூடிகளும் அறுபது வயதை ஒட்டி அவர் தொடங்கிய வேலை. அப்பாவுக்கு இந்தத் தகவல் பிடிக்கலாம்.

படம் எடுப்பதாக இருந்தால் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய அறைகள், முதுகுப்பை எதிலாவது இடித்துவிடும். அதை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாமாகச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து 206 எண் பேருந்தில் ஏறி உமாமாச்சி நிறுத்தத்தில் இறங்கினால் நடை மிகக் குறைவு. பலர் இதோடு சேர்த்துக் கியோமிசு கோயிலுக்கும் நடந்தே போய்விடுவார்கள். தூரம் அதிகமில்லை, ஆனால் முழுக்க மேட்டு வழி, கூட்டமும் நெரியும். அப்பாவோடு அந்த நடை வேண்டாம், டாக்சி பிடியுங்கள். டாக்சியும் கோயில் வாசல் வரை போகாது, கடைசி மேட்டை ஏறித்தான் ஆக வேண்டும். அது அவருக்குக் கஷ்டம் என்றால் கோயிலை விட்டுவிட்டு, அடுப்புக்குழி பக்கத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.