ஈவி கோடு மேலே, பணக் கோடு கீழே: சீட்டுதான் கைவிட்டதா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். ஆன்லைனில் ஹெட்ஸ்-அப் (இருவர் மட்டும் மோதும்) நோ லிமிட் ஹோல்டெம் போக்கர் 20,000 கை, அதாவது 20,000 சுற்று, ஆடியதில், மென்பொருள் வரைபடத்தில் பணக் கோடு (உண்மையான லாப நட்டம்) 400 பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) நட்டத்தில் நிற்கிறது. ஆனால் ஆல்-இன் (பணம் முழுதும் வைத்த) கைகளில் சராசரியாக வர வேண்டியதைக் கணக்கிடும் ஈவி கோடு 600 பிக் பிளைண்ட் லாபம் காட்டுகிறது. நான் ஜெயிக்கிற ஆட்டக்காரன், அதிர்ஷ்டம்தான் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக நீங்கள் தோற்கிற ஆட்டக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. இந்த வரைபடத்தை வைத்து இரண்டில் எதையும் முடிவு செய்ய இடமில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

ஈவி கோடு எதைக் கணக்கிடுகிறது என்று முதலில் பார்ப்போம். ரிவர் சீட்டு (மேஜையில் விழும் ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) விழுவதற்கு முன்பே பணம் முழுதும் நடுவில் போய், இருவர் சீட்டும் தெரிந்துவிட்ட கைகளில் மட்டும்தான் அது பணக் கோட்டிலிருந்து பிரியும். தலைக்கு 100 பிக் பிளைண்ட் வைத்து ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு) முன்பே ஆல்-இன் என்று வையுங்கள். உங்களிடம் ஏஸ் ஜோடி, எதிரில் கிங் ஜோடி. நீங்கள் ஜெயிக்க வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதம். நடுவில் கிடக்கும் 200இல் உங்கள் பங்கு 164. நீங்கள் போட்ட 100 போக, ஈவி கோடு 64 ஏறும். மேஜையில் ஒரு கிங் விழுந்து தோற்றீர்கள் என்றால் பணக் கோடு 100 இறங்கும். ஒரே கையில் 164 இடைவெளி! உங்களை உறுத்துகிற 1,000 பிக் பிளைண்ட் இடைவெளி இப்படி ஆறேழு கைகளில் வந்துவிடக் கூடியதுதான்.

இப்போது சீட்டை மாற்றிப் பாருங்கள். கிங் ஜோடி உங்களிடம், ஏஸ் ஜோடி எதிரில். ஹெட்ஸ்-அப்பில் தலைக்கு 100 பிக் பிளைண்ட் இருக்கும்போது கிங் ஜோடியை யாரும் மடக்குவதில்லை (சீட்டைப் போட்டு விலகுவதில்லை). உங்கள் ஆட்டத்தில் பிழையே இல்லை. ஆனாலும் ஈவி கோடு 64 இறங்கும். அதேபோல, ரிவரில் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைந்து, அதற்குப் பிறகு பணம் போனால், இனி விழ வேண்டிய சீட்டு எதுவும் இல்லாததால் இரண்டு கோடும் ஒன்றாகவே சரியும். எந்தச் சீட்டு வந்தது, அது எந்தச் சீட்டோடு மோதியது, ஃப்ளாப்பில் எத்தனை முறை ஒன்றுமே அமையவில்லை என்பதெல்லாம் ஈவி கணக்குக்கு வெளியே. அதிர்ஷ்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிறு பகுதியைத்தான் அந்தக் கோடு கழிக்கிறது. அதை 'எனக்கு நியாயமாக வர வேண்டிய பணம்' என்று படிப்பதுதான் பலரும் விழுகிற குழி.

அடுத்தது கைகளின் எண்ணிக்கை. தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்கள் டக் போல்க், டேனியல் நெக்ரானு இருவரும் 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை 200/400 டாலர் பிளைண்டில் 25,000 கை ஆடினார்கள். போல்க் 12 லட்சம் டாலருக்குச் சற்று மேல் ஜெயித்தார். பிக் பிளைண்டில் சொன்னால் சுமார் 3,000. அதாவது 100 கைக்கு 12. மிகப் பெரிய வெற்றிதான். ஆனால் இந்த ஆட்டத்தில் 100 கைக்குத் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 120 பிக் பிளைண்ட் அளவில் இருப்பது சகஜம். அதை வைத்துப் போட்டால், 25,000 கையில் 95 சதவீத எல்லை இருபக்கமும் 15 வருகிறது. எண்களை மட்டும் கேட்டால், போல்க்கின் உண்மையான சராசரி மைனஸ் 3 ஆகவும் இருக்கலாம், 27 ஆகவும் இருக்கலாம். அவர் திறமைசாலி என்பதை அவர் ஆடிய விதத்தைப் பார்த்துச் சொல்கிறோம், கோட்டைப் பார்த்து அல்ல. உங்கள் 20,000 கையில் ஈவி காட்டுவது 100 கைக்கு 3. ஈவி கோட்டின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைவு என்று சலுகை கொடுத்தாலும், அந்த 3 பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத எண்.

2017இல் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி, 100 கைக்கு 14.7 பிக் பிளைண்ட் வீதம் ஜெயித்தது. அத்தனை கை இருந்தும் ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. ஒரு மனிதருக்கு விழுந்த அதே சீட்டு, இன்னொரு ஆட்டத்தில் நிரலுக்கு விழும்படி இணை இணையாகப் பங்கிட்டார்கள். சீட்டு யோகத்தைக் கழிக்க அவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது.

ஹெட்ஸ்-அப்புக்கே உரிய இன்னொரு சிக்கல் எதிராளி. ஆறு பேர் மேஜையில் எல்லாம் கலந்து சராசரியாகிவிடும்; இங்கே எதிரில் ஒரே ஒருவர். 2009 இறுதியில் 'இசில்டுர்1' என்ற பெயரில் ஆடிய விக்டர் புளோம் சிலரிடம் லட்சக்கணக்கில் அள்ளினார். பிறகு டிசம்பரில், பாட் லிமிட் ஓமஹா என்ற இன்னொரு வகைப் போக்கரில், பிரையன் ஹேஸ்டிங்ஸ் ஒருவரிடம் ஒரே அமர்வில் 40 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். ஆகவே உங்கள் கோட்டை எதிராளி வாரியாகப் பிரியுங்கள். பலவீனமான ஒருவரிடம் ஆடிய 3,000 கை மொத்த லாபத்தையும் தாங்கிக்கொண்டிருந்தால், அவர் ஆட்டத்தை நிறுத்திய நாளில் உங்கள் ஈவியும் நின்றுவிடும்.

பிறகு இடம் வாரியாகப் பிரியுங்கள். என் கணிப்பில் மொத்தக் கோட்டைவிட இதுதான் அதிகம் பேசும். பட்டனில் (அரை பிக் பிளைண்ட் வைத்து, ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடத்தில்) எல்லாக் கையையும் மடக்கினால் 100 கைக்கு 50 பிக் பிளைண்ட் நட்டம். பிக் பிளைண்ட் வைக்கும் இடத்தில் எதிராளி ஏற்றும்போதெல்லாம் மடக்கினால் அந்தக் கைகளில் 100 நட்டம். நன்றாக ஆடுகிறவருக்குப் பட்டனில் லாபம் இருக்கும், பிக் பிளைண்டில் நட்டம் இருக்கும், ஆனால் 100க்கு வெகுவாகக் குறைந்திருக்கும். பந்தய அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்ட லிமிட் ஹோல்டெமை 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் தீர்த்தபோது, இருவரும் பிழையின்றி ஆடினாலே பட்டனில் இருப்பவருக்குக் கைக்கு 0.09 பிக் பிளைண்ட் அளவில் லாபம் என்று வந்தது. உங்கள் பட்டன் கணக்கே நட்டத்தில் இருந்தால் சீட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

சிவப்புக் கோடு, அதாவது ஷோடவுன் (கடைசியில் சீட்டைக் காட்டுவது) இல்லாமல் முடிந்த கைகளின் கணக்கு, சரிகிறதே என்று பதறி ப்ளஃப் அடிக்கத் தொடங்காதீர்கள். சிவப்பு ஏறும், ஷோடவுன் வரை போன கைகளின் நீலக் கோடு அதைவிட வேகமாகச் சரியும். அதற்குப் பதில், ரிவரில் நீங்கள் மடக்கிய பெரிய கைகளையும் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாகக் கட்டிப் பார்த்துத் தோற்ற பெரிய கைகளையும் எடுத்து, தலா ஐம்பது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கோட்டிலும் தனியாகத் தெரியாத பிழைகள் அங்கேதான் இருக்கும். கூடவே ரேக் (ஆட்டத் தளம் எடுத்துக்கொள்ளும் கழிவு) எவ்வளவு போனது என்று மென்பொருளில் பாருங்கள். குறைந்த பந்தய ஆட்டங்களில் உங்கள் 600 லாபத்தைவிட அது பெரிய தொகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.