இடிந்துபோன அரண்மனைக்குள் தெளிகனவில் போய்வர முடியுமா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. லூசிட் ட்ரீம் எனப்படும், கனவு என்று அறிந்தே காணும் தெளிகனவில், இன்று இல்லாத ஒரு வரலாற்று வீட்டுக்குள் போக இயலுமா? அங்கே காண்பதை நம்பலாமா? போக இயலும், நம்ப இயலாது.

பாளையங்கோட்டைக்காரனான நான் தேர்ந்துகொண்டது பாஞ்சாலங்குறிச்சி. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை சில நாள்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மே மாதம் அதுவும் வீழ்ந்தது. இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இன்று அங்கே நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இத்தகைய கனவு வெறும் கற்பனையன்று. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடவலமாக அசைத்துச் சைகை செய்ததைப் பதிவு செய்தார். கனவு மிகுந்த உறக்கம் விடியலை நெருங்கும்போதுதான் நீளும். ஆகவே அந்நேரத்தில் சற்றே விழித்து, ‘இனி காண்பது கனவு’ என்று நினைத்தபடியே மீண்டும் உறங்குவது பலருக்குக் கைகொடுக்கிறது. மூக்கைப் பொத்தியும் மூச்சு வந்தால் அது கனவு. அதன்பின் இடத்தைத் தேடி அலையாமல், எதிரில் உள்ள ஏதாவதொரு கதவுக்குப் பின்னால் அரண்மனை இருக்கிறது என்று எண்ணித் திறப்பதே எளிது.

நான் திறந்தபோது உள்ளே தார்சா என்னும் முன்னறை இருந்தது. அதைக் கடந்தால் பட்டாசல் என்னும் கூடம், பின்னர் இரண்டாங்கட்டு, அதற்கப்பால் புகையேறிய அடுக்களை. திருநெல்வேலி டவுனில் ஆச்சி வாழ்ந்த வீட்டின் அமைப்பு அது. தூண்களை மட்டும் 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்திலிருந்து கனவு கடன் வாங்கியிருந்தது. 1801 முற்றுகையில் பங்கேற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்திருப்பதோ முழுக்க மண்ணால் ஆன, ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி அளவுள்ள கோட்டையை. அவ்வளவு மண் என் கனவில் ஒரு கூடைகூட இல்லை. சுவரில் எழுத்துகளும் இருந்தன, ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது மாறிவிட்டன. கனவில் எழுத்து நிலைக்காது என்பது பலரும் சொல்லும் அனுபவந்தான்.

எனவே, கனவு வரலாற்றுக்குச் சான்றாகாது. நம் மனத்தில் ‘அரண்மனை’ என்ற பெயரில் என்னென்ன குவிந்துள்ளன என்பதை மட்டும் அது ஒளிக்காமல் காட்டிவிடுகிறது (சினிமாவின் பங்கு இவ்வளவு பெரிதென்று நான் நினைக்கவில்லை). மேலும் நெருங்கிக் காண விரும்பினால், நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடாமல் அருகிலுள்ள பழைய கோட்டையின் எச்சங்களையும் நடந்து பாருங்கள். கனவில் கண்டதை எழுந்தவுடன், வேறெதையும் படிப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். பிறகு வெல்ஷின் குறிப்போடு ஒப்பிட்டால், எந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.