'பென்னி லேன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்ததா, இல்லையா? 1960களின் பாப் தரவரிசைகளை நம்பலாமா?

லிவர்பூல் இசைக்குழுவான பீட்டில்ஸின் 'பென்னி லேன் / ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள இசைத்தட்டு) 1967இல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது என்று ஓரிடத்தில் படித்தேன், முதலிடம் என்று இன்னோரிடத்தில் படித்தேன், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம், 'மெலடி மேக்கர்' பட்டியலில் முதலிடம். எந்தப் பத்திரிகையின் பட்டியல் என்று சொல்லாமல் எழுதுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம்.

நண்பர்கள் வட்டத்தில் அவ்வப்போது க்விஸ் நடத்துகிறவன் நான். 1969க்கு முந்தைய பிரிட்டிஷ் 'நம்பர் ஒன்' பற்றி மட்டும் கேள்வி வைப்பதில்லை. எந்தப் பதில் சொன்னாலும் யாராவது ஆதாரத்தோடு சண்டைக்கு வருவார்கள். (அந்த 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலில் பீட்டில்ஸை மறித்து நின்றது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்கின் 'ரிலீஸ் மீ'. அவர் பிறந்தது நம்ம மெட்ராஸில், 1936இல். அதை மட்டும் தாராளமாகக் கேட்பேன்.)

அந்தக் காலத்தில் பிரிட்டனில் 'அதிகாரபூர்வப் பட்டியல்' என்று ஒன்று கிடையவே கிடையாது. 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளுக்குப் போன் போட்டு, என்ன விற்கிறது என்று கேட்டு, முதல் பட்டியலைப் போட்டார். விளம்பரம் பிடிக்க உதவும் என்பதுதான் நோக்கம். பன்னிரண்டு இடங்கள்தான், ஆனால் சில இடங்களை ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் பகிர்ந்துகொண்டதால் பதினைந்து பாட்டுகள் இருந்தன. அப்புறம் 'ரெக்கார்ட் மிரர்', 'மெலடி மேக்கர்', 'டிஸ்க்' என்று ஆளாளுக்கு ஒன்று தொடங்கினார்கள். கடைக்காரர்களுக்கான வணிக இதழான 'ரெக்கார்ட் ரீடெய்லர்' 1960 மார்ச்சில் ஐம்பது இடப் பட்டியலோடு வந்தது.

எல்லோருடைய வேலைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் இத்தனை இசைத்தட்டு விற்றது என்று எண்ணிக்கை தருவதில்லை, நன்றாகப் போனவற்றை வரிசையாகச் சொல்வார். பத்திரிகைக்காரர் அந்த வரிசைக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவார். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கூட்டம் அலைமோதும் கடையில் ஆயிரக்கணக்கில் விற்ற தட்டுக்கும், சின்ன ஊர்க் கடையில் ஒரு டஜன் விற்ற தட்டுக்கும் அந்தந்தக் கடையில் முதலிடம் என்றால் ஒரே புள்ளிதான். முதலாவதும் இரண்டாவதும் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று அந்தப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதில் 'ரெக்கார்ட் ரீடெய்லர்' தொடங்கியது வெறும் 30 கடைகளோடு. முப்பது கடையைக் கேட்டு ஐம்பது இடம் நிரப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே இருக்கும் பத்துப் பாட்டுகள் எல்லாக் கடைகளிலும் இருக்கும், அதில் பெரிய தப்பு வராது. நாற்பதுக்குக் கீழே வந்தால் ஒன்றிரண்டு கடைக்காரர்களின் வாய்ச்சொல்தான் ஒரு பாட்டை உள்ளே தள்ளுகிறது, வெளியே எறிகிறது. எந்தெந்தக் கடைகளைக் கேட்கிறார்கள் என்று இசைத்தட்டு வெளியிடுகிறவர்கள் மோப்பம் பிடித்து, தங்கள் தட்டைத் தாங்களே வாங்கி உள்ளே நுழைக்கும் வித்தையும் அந்தக் கீழ் வரிசையில்தான் சுலபம். பின்னால் கடைகளின் எண்ணிக்கை கூடியது என்றாலும், 'மெலடி மேக்கர்', 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இரண்டும் கேட்ட கடைகள் அதைவிட அதிகம்.

ஆனால் இன்று புத்தகங்களும் இணையத் தளங்களும் பின்பற்றுவது அந்த 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலைத்தான். 1977இல் கின்னஸ் நிறுவனம் பிரிட்டிஷ் ஹிட் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 1960 மார்ச்சுக்கு முன் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', அதன்பின் 'ரெக்கார்ட் ரீடெய்லர்' என்று அதில் முடிவெடுத்தார்கள். ஐம்பது இடம் இருந்ததால் தொகுக்க வசதி. அந்தப் புத்தகம் பெரிய அளவில் விற்றது, அதுவே வரலாறாகிவிட்டது. அறுபதுகளில் அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருந்தது என்னவோ 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பட்டியலைத்தான்.

பாதிக்கப்பட்டது 'பென்னி லேன்' மட்டும் இல்லை. 1963இல் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' மூன்று பத்திரிகைகளில் முதலிடம், 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலில் மட்டும் பாடகர் ஃப்ராங்க் ஐஃபீல்டுக்குப் பின்னால் இரண்டாவது. அதனால்தான் 2000இல் பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளைத் தொகுத்து வெளிவந்த ஆல்பத்தில் அது இல்லை. லிவர்பூல் பையன்கள் தங்கள் முதல் நம்பர் ஒன் என்று கொண்டாடிய பாட்டு கணக்கிலேயே வராமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. 1968 வரை எனக்கு ஒரே ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பக்கம்தான் போவேன்.

பிபிசி இந்தத் தகராறில் தலையிடாமல், பத்திரிகைப் பட்டியல்களைக் கூட்டிச் சராசரி போட்டு ஒளிபரப்பியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1968 ஆகஸ்டில் அந்தச் சராசரியில் பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட் ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் முதலிடத்துக்கு வந்து நின்றார்கள். மூன்று பேரை நம்பர் ஒன் என்று அறிவிக்கும் நிலை வந்ததும் மாற்றம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பிபிசியும் 'ரெக்கார்ட் ரீடெய்லர்' இதழும் சேர்ந்து பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோவிடம் வேலையை ஒப்படைத்தன. 1969 பிப்ரவரியில் தொடங்கிய அந்தப் பட்டியலில் முதல் நம்பர் ஒன், ஏமன் கார்னர் குழுவின் பாட்டு.

இதற்கு நூற்றுக்கணக்கான கடைகள். விற்கும் ஒவ்வொரு தட்டையும் கடையில் ஒரு டைரியில் குறித்து, வாரக் கடைசியில் தபாலில் அனுப்ப வேண்டும். பீரோவில் அதை அட்டையில் துளையிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், செவ்வாய்க்கிழமை வானொலியில் அறிவிப்பார்கள். முதல்முறையாக வரிசைக்குப் பதில் விற்பனை எண்ணிக்கை கணக்கில் வந்தது, அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் சனிக்கிழமை மாலை கவுண்ட்டரில் கூட்டம் நெருக்கும்போது, டைரியில் குறிக்க யாருக்கு நேரம்? தபால் தாமதமானாலும் சிக்கல்தான். 1971 தொடக்கத்தில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தபோது பட்டியலையே நாற்பது இடமாகச் சுருக்க வேண்டியதாயிற்று. கடைகளில் மின்னணுக் கருவி வைத்துக் கணக்கெடுப்பது 1983இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

அமெரிக்காவில் நிலைமை இதைவிட நன்றாக இருந்தது என்று நினைக்காதீர்கள். 'பில்போர்டு' பத்திரிகையின் ஹாட் 100 பட்டியல் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கலந்து தயாரானது. கடைக்காரர்களும் நிலையங்களும் சொன்ன வரிசைதான் அங்கேயும் அடிப்படை, பார்கோடு வழியாக உண்மையான விற்பனை எண்ணிக்கை வந்தது 1991இல். உங்கள் கேள்வியில் உள்ள அதே இசைத்தட்டு அங்கே 1967 மார்ச்சில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் 'பென்னி லேன்' மட்டும்தான். பின்பக்கப் பாட்டைத் தனியாகக் கணக்கிட்டு அதற்கு எட்டாம் இடம் கொடுத்தார்கள். இரு பக்கங்களையும் சேர்த்து ஒரே இடம் என்று பில்போர்டு விதியை மாற்றியது 1969 நவம்பர் இறுதியில். அந்த வாரமே பீட்டில்ஸின் 'கம் டுகெதர் / சம்திங்' முதலிடத்துக்கு ஏறியது.