நாலாவது ஸ்டேஜ் என்று சொன்ன பிறகு யாரிடம் பேசுவது? கேள்வி பதில்

எனக்கு நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ். மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சிகிச்சைக்குப் போகும் இடத்தில், புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலையை அங்கே இருக்கும் சமூகப் பணியாளர் என் தலையில் கட்டிவிட்டார். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை. மற்றவை கீழே.

அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. நாலாவது ஸ்டேஜ் என்கிறார்கள். அவரைப் போல இன்னொருவரோடு பேசவைத்தால் தெம்பு வரும் என்று தோன்றுகிறது. எங்கே தேடுவது? (ஒரு மகள், திருச்சி)

அதே வயது, அதே ஊர், அதே ஸ்டேஜ் என்று தேடாதீர்கள் அம்மா. ஒரே மரபணு மாற்றம் உள்ளவரைத் தேடுங்கள். பயாப்சி எடுத்த திசுவில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம். அது இருந்தால் பலருக்கு ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரையில்தான் சிகிச்சை தொடங்கும். அப்படி இருக்கும்போது கீமோ எடுத்த ஒருவர் வந்து முடி கொட்டியதையும் வாந்தியையும் சொன்னால், அம்மா வராத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருப்பார். அவருக்கு வரக்கூடியது வயிற்றுப்போக்கு, முகத்தில் பரு மாதிரிப் பொரிவது, நகச்சுற்று. அதைப் பட்டவர்தான் அதற்கு ஆறுதல்.

தேட வேண்டிய முதல் இடம் உங்கள் டாக்டரின் அறை வாசல். "இதே மாத்திரை சாப்பிடுகிறவர், பேச விருப்பம் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா?" என்று நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். அந்த நோயாளியின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் நம்பர் தருவார்கள், அதற்குக் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கென்றே லங் கனெக்ட் இந்தியா என்ற அமைப்பும் இருக்கிறது. அமெரிக்காவில் இஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ், ஏஎல்கே பாசிட்டிவ், ராஸ்ஒன்டர்ஸ் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிக் குழுவே உண்டு. நோயாளிகளே முன்நின்று நடத்துவது. ஆங்கிலத்தில் இருப்பதால் நீங்கள் படித்து அம்மாவுக்குச் சொல்லலாம். அங்கே பேசப்படும் சில மருந்துகளின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்பாவிடம் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லவே கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. அவருக்குத் தெரியாமலே இப்படிப்பட்ட குழுவில் சேர்க்க முடியுமா? (மகன், விருதுநகர்)

முடியாது தம்பி. உள்ளே வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "உங்களுக்கு எந்த இடத்துல?" என்பதுதான். அப்பா என்ன சொல்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் போர்டை அவரும் படித்திருப்பார். டாக்டர் வீட்டு ஆட்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதையும் பார்த்திருப்பார். நான் பேசிய அப்பாக்களில் பலருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று அவர்கள் நடிக்க, அவர் மனசு நோகக்கூடாது என்று பிள்ளைகள் நடிக்க, வீட்டில் யாருக்கும் யாரிடமும் பேச முடியாமல் போய்விடுகிறது. பணம், நிலம், தங்கை கல்யாணம் என்று அவர் பேசித் தீர்க்க நினைக்கும் விஷயங்களும் அப்படியே நிற்கும்.

அதற்காக இன்று ராத்திரியே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அப்பாவிடம் நேராக ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" சிலர் முழுவதும் கேட்பார்கள். சிலர் "என் பையன்கிட்ட சொல்லிடுங்க" என்பார்கள். அதுவும் அவர் உரிமைதான். அப்படிச் சொன்னால் அப்பாவைக் குழுவுக்குக் கூட்டி வராதீர்கள், நீங்கள் வாருங்கள். பெரியப்பாவோடு சண்டை வேண்டாம். அவரையும் ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். நகச்சுற்றுக்கு, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொல்கிறார் ஒருவர். இன்னொருவர் மூலிகைப் பொடி அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

நகச்சுற்றுக்கு அகலமான செருப்பு போடுங்கள், நகத்தை ஓரத்தில் ஒட்ட வெட்டாதீர்கள் என்று சொல்கிறவரை நம்பலாம். மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது டாக்டர் மட்டும் செய்ய வேண்டியது. பொடிக்கு ஜிபே நம்பர் வந்ததும் குழுவை விட்டு வெளியேறுங்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சில மூலிகைகள் இந்த மாத்திரைகளின் வேலையையே கெடுக்கும்.

புதிதாக மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் கூடினாலோ குழுவில் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இந்த மாத்திரைகள் அபூர்வமாக நுரையீரலையே அழற்சிக்கு உள்ளாக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவன். கூட்டத்துக்குப் போனால், "எங்கம்மா தொட்டதே இல்லை, அவங்களுக்கு ஏன் வந்தது" என்று பேசுகிறார்கள். உட்கார முடியவில்லை.

அவர்கள் உங்களைக் குத்திப் பேசவில்லை அண்ணா, தங்கள் வலியைச் சொல்கிறார்கள். ஆனால் உங்களுக்குக் குத்துகிறது, அதுவும் உண்மை. கூட்டம் நடத்துகிறவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் புகைபிடித்தீர்களா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஆண்கள் வரத்து கூடியது. இன்னும் நிறுத்தவில்லை என்றால் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்த உதவி கிடைக்கும்.

எனக்குத் தைரியம் சொன்ன அக்கா போன மாதம் இறந்துவிட்டார். இனி அந்தக் குழுவுக்குப் போக வேண்டுமா?

இப்போது போக வேண்டாம். இதற்கு நல்ல பதில் என்னிடமும் இல்லை. நாலாவது ஸ்டேஜ் ஆட்கள் கூடும் இடத்தில் சாவு வரும், அதை மறைக்கும் குழு எனக்குப் பிடிக்காது. சிலர் பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒருவரோடு மட்டும் போனில் பேசுகிறார்கள், அது போதும். அவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். ஒரே மாத்திரை சாப்பிட்டாலும் நோய் ஒரே வேகத்தில் போவதில்லை. தூக்கமே வரவில்லை என்றால் 14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

டாக்டர் பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கைவிட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பாலியேட்டிவ் கேர் என்பது வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைத்து ஆறுதலாக வைத்திருக்கும் கவனிப்பு, சிகிச்சையோடு சேர்த்தே தரலாம். 2010இல் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு பிரபலமானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்ததும் தெரிந்தது. போய் வாருங்கள். உங்களைப் போன்றவர்களைச் சந்திக்கவும் அந்த வராண்டா நல்ல இடம்.

நாங்கள் கிராமத்தில். டவுனுக்கு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவதே பெரிய பாடு. கூட்டத்துக்கெல்லாம் எங்கே போவது? (மனைவி, தர்மபுரி மாவட்டம்)

போக வேண்டாம். ஸ்கேனுக்கும் மாத்திரை வாங்கவும் எப்படியும் போகிறீர்கள். காத்திருக்கும் வரிசையில் ஒரு குடும்பத்தோடு பேசிப் பழகுங்கள், அடுத்த தேதியையும் ஒரே நாளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வருகிற நர்ஸிடம், பக்கத்து ஊர்களில் இதே நோயோடு இருக்கும் குடும்பம் ஏதாவது பேச விரும்புகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.