சைவ அம்மாவுடன் ஜப்பான் மலைநாட்டுக்கு: பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன்

கேள்வி: அக்டோபர் கடைசி வாரத்தில் அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். டோக்கியோவில் இறங்கி, நாகானோ, மட்சுமோட்டோ, கமிகோச்சி, தகாயாமா பார்த்துவிட்டு நகோயா வழியாக டோக்கியோ திரும்பத் திட்டம். அம்மாவுக்கு வயது 66. சுத்த சைவம், முட்டையும் கிடையாது, பால் தயிர் சாப்பிடுவார். முழங்கால் வலி உண்டு. எங்கள் ஊர் ஏஜென்ட் ஆளுக்கு ஒரு ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜேஆர் நிறுவன ரயில்களில் பயணிக்கும் சீட்டு) கட்டாயம் என்கிறார். இலைகள் நிறம் மாறியிருக்கும் என்ற உத்தரவாதமும், தினமும் இரவில் இந்தியச் சாப்பாடும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். அம்மா அங்கே பட்டினி கிடப்பாரோ என்பதுதான் என் பயம். எடுத்துக்கொள்ளலாமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பேக்கேஜ் வேண்டாம். விமான டிக்கெட்டையும் விசா வேலையையும் அவரிடமே கொடுங்கள், அதில் தவறில்லை. டோக்கியோவை விட்டுக் கிளம்பிய பிறகு எதில் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் அதற்கு நீங்கள் இப்போதே உட்கார்ந்து நான்கைந்து மின்னஞ்சல்கள் எழுதியாக வேண்டும்.

சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். தட்டில் கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியை யாரும் ஒதுக்கிவிடலாம். சைவர்கள் மாட்டிக்கொள்வது தாஷி என்கிற சாற்றில். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்து, மெல்லிசாகச் சீவுவார்கள், பெயர் கத்சுவோபுஷி. நம் மாசிக் கருவாட்டை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதை வெந்நீரில் போட்டு வடித்த சாறு மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பில் இருக்கும், வேகவைத்த கீரையில் இருக்கும், டோஃபு மேல் ஊற்றியிருக்கும், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்திலும் இருக்கும். “மீன் இல்லை” என்று கடைக்காரர் சொல்லும்போது உங்களை ஏமாற்றுவதில்லை. அவர் கணக்கில் தாஷி என்பது சுவை, மீன் அல்ல.

லேபிளைப் படித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளி போல அங்கே ஒன்றும் கிடையாது. ஒவ்வாமைப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். முட்டை, பால், கோதுமை, சோபா, வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவற்றைக் கட்டாயம் அச்சிட வேண்டும். கானாங்கெளுத்தியும் சால்மனும்கூட ‘குறிப்பிட்டால் நல்லது’ என்ற வரிசையில் வருகின்றன. கத்சுவோ என்கிற அந்தச் சூரை மீன் எந்த வரிசையிலும் இல்லை. விடுதிகள் அனுப்பும் உணவுப் படிவங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலை ஒட்டித்தான் இருக்கும். அதில் அம்மாவுக்குப் பொருந்துகிற கட்டமே இருக்காது. இத்தனை நாட்டு மக்கள் வந்து போகிற இடத்தில், சைவம் என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகவே படிவத்தை நம்பாமல், விடுதிக்கு நேரடியாக எழுதுங்கள். பெரிய புக்கிங் தளங்களில் ‘சிறப்பு வேண்டுகோள்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதிவிட்டுக் கவலையில்லாமல் போய் இறங்குகிறவர்கள்தான் முதல் இரவே சிக்கலில் மாட்டுகிறார்கள். அந்தப் பெட்டியில் எழுதியதற்குத் தளம் பொறுப்பேற்காது. விடுதிக்காரர் அதைப் படித்தாரா என்பதும் தெரியாது. மலையில் இருக்கும் ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணி வாக்கில் தொடங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே வரிசையில் சமைப்பார்கள், அதற்கான சாமான்களை முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள். போய் இறங்கிய பிறகு “நாங்கள் சைவம்” என்றால், அம்மாவுக்குச் சாதமும் ஊறுகாயும்தான் மிஞ்சும்.

மின்னஞ்சலில் ‘வெஜிடேரியன்’ என்று ஒரு சொல்லோடு விட்டுவிடாதீர்கள். மீன் சாப்பிடுகிற வெஜிடேரியன்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், கத்சுவோ தாஷி வேண்டாம். கொம்பு கடற்பாசியிலோ உலர்ந்த ஷிதாகே காளானிலோ எடுத்த தாஷி சரி, பாலும் சரி. இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஜப்பானிய மொழியில் மாற்றி, ஒரு தாளிலும் அச்சிட்டு அம்மாவின் கைப்பையில் வையுங்கள். ‘முடியும்’ என்று எழுத்தில் பதில் வந்தால்தான் இரவு உணவும் காலை உணவும் சேர்ந்த அறை. ‘முடியாது’ என்று வந்தால் வருத்தப்பட வேண்டாம். அவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு இல்லாத அறையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு விடுதி பாருங்கள்.

முதல் இரவு நாகானோவில் ஸென்கோஜி கோயிலை ஒட்டிய ஷுகுபோ ஒன்றில் தங்குங்கள். கோயிலைச் சுற்றி 39 ஷுகுபோக்கள் இருக்கின்றன. யாத்ரீகர்களுக்காகத் துறவிகள் நடத்தும் தங்குமிடங்கள் இவை. அங்கே கிடைக்கும் ஷோஜின் உணவு பௌத்த மடங்களின் சைவச் சமையல்; முறைப்படி செய்தால் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. எள்ளில் செய்த டோஃபு, மலைக் காளான், சேனை வகைக் கிழங்குகள் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும். ஷுகுபோ என்றாலே எல்லாம் சைவம் என்று மட்டும் எண்ண வேண்டாம். முன்பதிவின்போது ஷோஜின் என்று சொல்லியே கேளுங்கள், தாஷி பற்றிய அந்த வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். விடிகாலையில் நடக்கும் வழிபாட்டுக்கு விருந்தினரை அழைத்துப் போவார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்கு அந்த ஊர்களின் தெருக்களே போதும். நாகானோவில் ஓயாகி விற்பார்கள்: கோதுமை மாவை உருட்டி, உள்ளே பூரணம் வைத்து, தட்டி, கல்லில் வாட்டி அல்லது ஆவியில் வேகவைத்தது. உள்ளங்கை அளவு இருக்கும், வாங்கும்போது சூடு கையைச் சுடும். பூசணி, சிவப்புப் பயறு வைத்தவை அநேகமாக அம்மாவுக்கு ஆகும். கத்தரிக்காய், நொசவானா கீரை வைத்தவற்றில் சில கடைக்காரர்கள் தாஷித்தூள் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். நாகானோவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி தூரத்தில் ஒபுசே இருக்கிறது, செஸ்ட்நட் ஊர். இலையுதிர்காலத்தில் அங்கே போகாமல் திரும்பாதீர்கள். அந்தக் கொட்டையை அரைத்து இனிப்பும் செய்வார்கள், பசையரிசியோடு வேகவைத்துச் சாதமாகவும் தருவார்கள். சாதத்தோடு வரும் சூப்பை ஒதுக்கிவிடுங்கள். இதே மாதத்தில் நாகானோ ஆப்பிளும் கிடைக்கும். ஷினானோ ஸ்வீட் என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சோபா அந்த மலைநாட்டின் முக்கிய உணவு. பக்வீட் என்கிற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ். கூடவே கொஞ்சம் கோதுமை மாவும் சேர்ப்பார்கள். புது அறுவடை மாவு வருவதும் இந்தப் பருவத்தில்தான், அம்மா இதைத் தவறவிடக் கூடாது. மூங்கில் தட்டில் குளிர்ச்சியாக வரும் ஸாரு சோபாவை வாங்கி, தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் உப்போ, எதுவும் கலக்காத சோயா சாஸோ கேளுங்கள். துருவிய வசாபி (காரமான பச்சைக் கிழங்கு) அங்கேயே இருக்கும். நல்ல மாவை உப்போடு ருசி பார்ப்பது உள்ளூர்க்காரர்களுக்கும் புதிதல்ல, யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு மணிக்குள் போய்விடுங்கள். நல்ல சோபாக் கடைகள் அன்று பிசைந்த மாவு தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும்.

தகாயாமாவில் மிதராஷி தாங்கோ: அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி, சோயா சாஸில் தோய்த்துச் சுடுவார்கள். மற்ற ஊர்களில் இது இனிப்பு. தகாயாமாவில் உப்புச் சுவைதான். மிசோவும் வால்நட்டும் தடவிச் சுடும் கோஹே மோச்சியும் கிடைக்கும். காலையில் மியாகாவா ஆற்றங்கரைச் சந்தையில் சிவப்பு முள்ளங்கி போன்ற டர்னிப்பில் போட்ட ஊறுகாய் வாங்கலாம். அதே ஊரில் ஊறுகாய் ஸ்டேக் என்று ஒன்று மெனுவில் இருக்கும். பெயரைப் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். சூடான இரும்புத் தட்டில் முட்டை ஊற்றி, மேலே கத்சுவோபுஷிச் சீவலைத் தூவித்தான் தருவார்கள். ஆவி பட்டு அந்தச் சீவல்கள் நெளிவது தெரியும்.

ஒருநாள் எதுவுமே சரிப்படவில்லை என்றால், மூலைக் கடைகளில் வெறும் சாதப் பொட்டலம் கிடைக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் போதும். தயிரும் அங்கேயே இருக்கும். பருப்புப் பொடி எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் பெட்டியில் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இப்போது அந்த ‘தினமும் இந்தியச் சாப்பாடு’. கமிகோச்சிப் பள்ளத்தாக்கில் அதை யார் சமைத்துத் தருவார்கள்? அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டுமானால் உங்களைத் தினமும் பெரிய நகரத்துக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மிச்சமிருக்கிற பகலில் மூன்று நான்கு மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். பட்டாணிப் பனீருக்காக மலையை விலை கொடுக்கச் சொல்கிறார். இந்த ஒரு வரியைப் போட்டு வயதான பெற்றோரின் பிள்ளைகளைப் பயமுறுத்தி விற்பது பல காலமாக நடக்கிறது. எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் இந்தத் தொழிலில் இல்லை.

பாஸ் விஷயமும் அப்படித்தான். ஏழு நாள் ஜேஆர் பாஸ் ஒரு காலத்தில் 29,650 யென். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கு’ என்ற பழைய அறிவுரை அன்றோடு செத்துப்போனது. ஏஜென்ட்கள் மட்டும் விற்பதை நிறுத்தவில்லை. உங்கள் வழியைக் கூட்டிப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு ஷிங்கன்சென் அதிவேக ரயில் சுமார் 8,000 யென். நாகானோவிலிருந்து மட்சுமோட்டோ விரைவு ரயில் 3,000 வாக்கில். தகாயாமாவிலிருந்து நகோயாவுக்கு ஹிடா என்ற விரைவு ரயில் 6,000 சொச்சம். நகோயாவிலிருந்து டோக்கியோ 11,000 சொச்சம். மொத்தம் 30,000 யெனைத் தாண்டாது. மட்சுமோட்டோவிலிருந்து கமிகோச்சி, அங்கிருந்து ஹிராயு வழியாகத் தகாயாமா போகும் பேருந்துகளுக்கு அந்தப் பாஸ் செல்லவே செல்லாது. அதற்குத் தனியாகத்தான் காசு. ஆளுக்கு 20,000 யென் அளவுக்கு வீண்.

பாஸ் லாபமாகும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா ஒருவழிக்கே சுமார் 19,000 யென். அதே ஏழு நாளுக்குள் ஹிரோஷிமா போய்த் திரும்பினால் 38,000. அதோடு டோக்கியோ நாகானோ போய்வர 16,000 சேர்த்தால் 54,000. அப்போது பாஸ் மலிவு. ஆனால் நன்றாகக் கவனியுங்கள். ஏழு நாள் என்பது முதல் பயணத்திலிருந்து தொடர்ச்சியாக ஏழு நாள், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. வேகமான நொஸோமி ரயிலில் ஏறினால் பாஸுக்கு மேல் இன்னொரு கட்டணமும் கட்ட வேண்டும். அதைத் தவிர்த்து ஹிகாரி ரயிலில் போனால் ஹிரோஷிமாவுக்கு நடுவில் மாற வேண்டியிருக்கும். முழங்கால் வலியோடு, நாகானோவும் ஹிரோஷிமாவும் ஒரே வாரத்தில், அதுவும் பாஸின் காசை எடுப்பதற்காக! கணக்கில் லாபம் வந்தாலும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

இலைகளுக்கு உத்தரவாதம் என்று எவரும் கொடுக்க முடியாது. நிறமாற்றம் உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும். 2,600 மீட்டர் உயரத்தில் செப்டம்பர் கடைசியிலேயே ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். 1,500 மீட்டரில் இருக்கும் கமிகோச்சியில் லார்ச் மரங்கள் பொன்னிறமாவது அக்டோபர் கடைசியில். மட்சுமோட்டோ, நாகானோ நகரங்களில் மேப்பிள் நன்றாகச் சிவப்பது நவம்பர் முதல் பாதியில். உங்கள் தேதி கமிகோச்சிக்குப் பொருத்தமானது. ஏஜென்ட் காட்டிய படத்தில் ரத்தச் சிவப்பாக மேப்பிள் இருந்தால் அது கமிகோச்சியாக இருக்காது, இங்கே நீங்கள் பார்க்கப்போவது மஞ்சளும் பொன்னும்.

அங்கே தனியார் கார்களை விடுவதில்லை, பேருந்தோ டாக்ஸியோதான். சனி, ஞாயிறு வேண்டாம். மாலையில் திரும்பும் பேருந்துக்கு நிற்கிற வரிசை அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. டாய்ஷோ குளம் நிறுத்தத்தில் இறங்கிக் கப்பா பாலம் வரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் நடை, பெரும்பாலும் சமதளம். 1915இல் யாகெடாகே எரிமலை வெடித்து ஆற்றை அடைத்ததால் உண்டான குளம் அது. முடியாவிட்டால் பேருந்திலேயே கடைசி நிறுத்தம் வரை போனால் பாலம் பக்கத்தில்தான். காலையில் உறைபனிக் குளிர் இருக்கும். பெரிய பெட்டிகளை மட்சுமோட்டோ விடுதியிலிருந்து கூரியரில் தகாயாமா விடுதிக்கு அனுப்பிவிடுங்கள், மறுநாள் வந்து சேரும். விடுதிகளுக்கு எழுதும்போது கட்டிலும் நாற்காலியும் இருக்கிற அறை வேண்டும் என்றும் கேளுங்கள். தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுவது அம்மாவுக்குக் கஷ்டம்.

ரயில் இருக்கைகள் ஒரு மாதம் முன்பு திறக்கும். நாகானோ ஷிங்கன்சென் ஒரு நிறுவனம், ஹிடா இன்னொன்று, பேருந்துகள் வேறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், நம் ஊர் கார்டை ஒன்று ஏற்கும், இன்னொன்று தள்ளும். இந்தக் குழப்பத்தில்தான் கூடுதல் கமிஷன் வைத்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்யும் தளங்கள் பிழைக்கின்றன. வார நாட்களில் ஸ்டேஷன் கவுண்டரிலேயே வாங்கலாம், பெரும்பாலும் இடம் கிடைக்கும். முன்பதிவு உள்ள பேருந்துகளை மட்டும் முன்னாலேயே பதிவு செய்யுங்கள்.

தேதி தள்ளிப்போவதாக இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கமிகோச்சி நவம்பர் 15க்குப் பிறகு மூடிவிடும், அடுத்த ஏப்ரல் நடுவில்தான் திறக்கும். அப்படி ஆனால் அந்த நாளை மட்சுமோட்டோ கோட்டைக்கும் பக்கத்து அஸுமினோவின் வசாபித் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டு, தகாயாமாவுக்கு நேர்ப் பேருந்தில் ஏறுங்கள்.