ஏரியில் பச்சைப் படலம்: முதலில் குச்சியை விட்டுப் பாருங்கள்

ஏரித் தண்ணீர் திடீரென்று பச்சையாகிவிட்டது, மாடுகள் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இன்றே தடுத்துவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, படலத்துக்குள் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடிபோல் நார்நாராகத் தொங்கினால் அது இழைப்பாசி, பொதுவாக நஞ்சில்லை. பச்சை பெயின்ட்டில் தோய்த்ததுபோல் வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் வெளிவிடும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது.

அப்புறம், வாரம் ஒருமுறை அதே இடங்களில் நின்று படமெடுத்து, தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் குறித்து வையுங்கள். காற்று படலத்தை ஒரு கரைக்கு ஒதுக்கிவிடும். எதிர்க்கரையில் நின்று பார்த்தால் ஏரி சுத்தமாகத்தான் தெரியும். அதனால் இரண்டு கரையும் வேண்டும். நஞ்சு உண்டா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். கால்நடை மருத்துவரிடம் இந்தக் குறிப்புகளோடு போங்கள்.